முகத்துக்கு லோஷன் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது



மார்கழி பிறந்தால் நம் கடைகளில் சில சரக்குகள் யாரும் எடுத்துச் சொல்லாமலே நகரும். கோலமாவு, வெல்லம், நெய், அவற்றோடு முகத்துக்குப் பூசும் லோஷன். வெல்லத்தை ஒடித்துப் பார்த்தே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவோம். நெய்யை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் போதும், தரம் தெரிந்துவிடும். லோஷனைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று நம்மை நாமே கேட்டுக் கொண்டால், விலை தெரியும், கமிஷன் தெரியும், டஜனுக்கு ஒன்று இலவசம் என்கிற ஸ்கீம் தெரியும் என்பதற்கு மேல் பதில் வராது.

"அண்ணாச்சி, முகமெல்லாம் வறவறன்னு இருக்கு, ஒரு கிரீம் குடுங்க" என்று ஒரு பெண் வந்து நிற்கிறார். நாம் என்ன செய்கிறோம்? டி.வி.யில் அதிகம் காட்டப்படுவதை எடுத்துக் கொடுக்கிறோம். அல்லது எதில் நமக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது நம் குறை என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

"மளிகைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு? நாம் என்ன டாக்டரா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இட்லி அரிசி கேட்டு வந்தவருக்குப் பச்சரிசியைக் கட்டிக் கொடுப்போமா? மாட்டோம். பலகாரத்துக்கா, சோற்றுக்கா, பொங்கலுக்கா என்று கேட்டுத்தான் எடை போடுகிறோம். அப்படிக் கேட்பதால் நாம் சமையல்காரர் ஆகிவிடவில்லை. வாங்குபவரின் தேவை அறிந்து கொடுப்பது நம் தொழிலின் பழைய வழக்கம். லோஷன் விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை எங்கோ விட்டுவிட்டோம்.

ஒரு காலத்தில் அது இருந்தது. மதுரை கீழமாசி வீதியில் எங்கள் தந்தையார் கடை வைத்திருந்த நாளில் முகத்துக்கென்று அலமாரியில் இருந்தவை நான்கே நான்கு: ஸ்நோ, கோல்ட் கிரீம், வாசலின், கிளிசரின். ஸ்நோ என்பது பெரும்பாலும் தண்ணீரும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்தது. தேய்த்தால் மறைந்துவிடும், பிசுக்கு இருக்காது. பம்பாயில் பட்டன்வாலா என்பவர் 1919-இல் தொடங்கிய ஆப்கான் ஸ்நோ இந்த ரகம்தான். கோல்ட் கிரீம் என்பது எண்ணெயும் மெழுகும் மிகுந்து, கொஞ்சம் தண்ணீர் கலந்தது. பூசும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் அந்தப் பெயர். எண்ணெய் வழியும் முகத்துக்கும் வெயில் காலத்துக்கும் ஸ்நோ, காய்ந்த முகத்துக்கும் பனிக்காலத்துக்கும் கோல்ட் கிரீம், வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் என்று கடைப்பையன்கூடப் பிரித்துக் கொடுப்பான். தோலின் வகை பார்த்துக் கொடுப்பது என்று இன்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அதைத்தான் அவன் செய்து கொண்டிருந்தான்.

1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. அதன்பின் வாடிக்கையாளர் கேட்பதும் மாறியது, நாம் கொடுப்பதும் மாறியது. "வறட்சிக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வி போய், "வெள்ளையாக என்ன இருக்கு?" என்ற கேள்வி வந்தது. 2020-இல் அந்த நிறுவனமே பெயரிலிருந்த அந்தச் சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக் கொண்டது. பெயர் மாறினாலும் நம் கடைக்கு முன் நிற்பவரின் கேள்வி இன்னும் முழுதாக மாறவில்லை. லோஷனின் வேலை தோலில் இருக்கும் ஈரத்தைக் காப்பது. நிறத்தை மாற்றுவது அதன் வேலை இல்லை. இதை வாங்குபவருக்குச் சொல்லும் இடத்தில் இன்று நாம்தான் நிற்கிறோம்.

ஈரத்தை அது எப்படிக் காக்கிறது என்பதை நம் சரக்கைக் கொண்டே புரிந்து கொள்ளலாம். உப்பு மூட்டை ஐப்பசி மழையில் கசிவதைப் பார்த்திருக்கிறோம். காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக் கொள்கிறது. கிளிசரினும் அந்த ஜாதி. ஹயலூரானிக் அமிலம், சார்பிட்டால், யூரியா என்று லேபிளில் கண்டால் அவையும் ஈரத்தை இழுத்து வைப்பவையே. அப்பளக் கட்டைப் பிரித்து வைத்தால் காய்ந்து ஒடிகிறது, உறைக்குள் இருந்தால் வளைகிறது. வாசலின், மினரல் ஆயில், டைமெத்திகோன், மெழுகு ஆகியவை அந்த உறையைப் போல மேலே படிந்து உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகாமல் தடுக்கின்றன. மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. நம் மேல்தோல் செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி, இடையில் கொழுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தை நிரப்புபவை செராமைடும் சில தாவர எண்ணெய்களும். எந்த லோஷனும் இந்த மூன்றின் கலவைதான். ஒன்றில் இழுப்பது கூடுதல், மற்றொன்றில் மூடுவது கூடுதல். விலை 10 ரூபாயோ 1,000 ரூபாயோ, வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான். வாசனையும் டப்பாவின் அழகும் விலையை ஏற்றுகின்றன என்பது வேறு கதை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்று மிகவும் வறண்டிருக்கும்போது வெறும் கிளிசரினை முகத்தில் பூசினால், காற்றில் ஈரம் கிடைக்காமல் அது தோலின் உள்ளிருந்தே இழுக்கும். அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பன்னீரில் கலந்து பூசினார்கள். ஏ.சி. அறையில் நாள் முழுதும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இனி, வருபவரின் தோல் எந்த வகை என்று எப்படி அறிவது? பூதக்கண்ணாடியும் இயந்திரமும் தேவையில்லை. முகத்தை மிதமான சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்ல வேண்டும். முகம் முழுதும் இழுத்துப் பிடித்து, கன்னத்தில் வெள்ளையாகச் செதில் தெரிந்தால் வறண்ட தோல். எல்லா இடமும் மினுமினுத்து, டிஷ்யூ காகிதத்தை ஒற்றினால் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்த் தோல். நெற்றி, மூக்கு, மோவாய் மட்டும் மினுங்கிக் கன்னம் காய்ந்திருந்தால் கலப்பு. நம் ஊரில் இந்தக் கலப்பு வகையினரை நிறையப் பார்க்கிறோம். எது பூசினாலும் அரிப்பு, சிவப்பு, எரிச்சல் என்றால் அது எளிதில் புண்படும் தோல். அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

வறண்ட தோலுக்குக் கெட்டியான கிரீம். மூடும் சரக்கு அதில் அதிகம் இருக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். வயதாக ஆகத் தோலில் எண்ணெய் சுரப்பது குறைந்து போகிறது. இதை எழுதுகிற எங்கள் கையையே பார்த்தால் தெரிகிறது. எப்போது பூசுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே பூசினால்தான் அந்த ஈரம் உள்ளே தங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பயன்தான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினாலே, "போன தடவை வாங்கினது வேலை செய்யலே" என்ற புகார் பாதி குறைந்துவிடுகிறது. எங்கள் அனுபவம் இது.

எண்ணெய்த் தோலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. "எனக்கு ஏற்கனவே எண்ணெய் வழியுது, எனக்கு எதுக்கு லோஷன்?" என்று சொல்லி, கல்லூரிப் பிள்ளைகள் நாளைக்கு நாலைந்து முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. வழித்தெடுத்த முகம் எண்ணெய்யாகவும் இருக்கும், ஈரமில்லாமல் எரிச்சலும் எடுக்கும். இவர்களுக்குத் தண்ணீர்போல் இலகுவான லோஷன், அல்லது ஜெல். லேபிளில் ஆயில் ஃப்ரீ, நான்-கொமெடோஜெனிக் என்று போட்டிருப்பார்கள். பருவை உண்டாக்காத ரகம் என்று பொருள். தேங்காய் எண்ணெய்க்கு நம் நாட்டில் இருக்கும் மரியாதை நமக்கும் உண்டு. டின் டின்னாக விற்றிருக்கிறோம். ஆனாலும் பரு வரும் முகத்தில் அதைப் பூச வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். காய்ந்த காலுக்கும் கைக்கும் அது நல்ல சரக்கு.

கலப்புத் தோலுக்கு இலகுவான லோஷன் போதும், கன்னத்தில் மட்டும் இன்னொரு முறை பூசிக் கொள்ளலாம். எளிதில் புண்படும் தோலுக்கு வாசனையே சேர்க்காதது. இங்கே ஒரு சூட்சுமம். வாசனை தெரியவில்லை என்பதற்கும் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. மூலப்பொருளின் வாடையை மறைக்க ஒரு வாசனையைச் சேர்த்துவிட்டு, மணமற்றது என்று விற்பதும் உண்டு. ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ என்று எழுதியிருக்கிறதா, உட்பொருள் பட்டியலில் பெர்ஃப்யூம் என்ற சொல் இல்லையா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வறட்சிக்குக் காரணம் பல வீடுகளில் அதுதான். நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, சோப்போ காரம். காலையும் மாலையும் காரத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டு வறட்சிக்கு லோஷன் தேடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. முதல் ரகக் குளியல் சோப்பில் டி.எப்.எம். என்னும் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். சோப்பு உறையில் அந்த எண் அச்சிட்டிருக்கும். அதைக் காட்டிக் கொடுத்தால் வாங்குபவருக்கும் நம்மேல் மதிப்பு கூடும்.

லேபிள் படிக்க எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் மருமகள். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த எங்களுக்கு அந்தப் பொடி எழுத்து எறும்பு வரிசை மாதிரித்தான் தெரிந்தது. பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அது அதிகம், கடைசியில் இருப்பது சொற்பம் என்பதுதான் சூத்திரம். முதலில் அக்வா என்று இருக்கும். அது தண்ணீர்தான். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருந்தால் ஈரம் இழுக்கும் சரக்கு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். டப்பாவின் முன்புறம் பாதாம், குங்குமப்பூ, கற்றாழை என்று படம் போட்டு, பின்புறப் பட்டியலில் அவை கடைசி வரியில் ஒளிந்து கொண்டிருப்பதைப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. பருப்பில் கல் கலந்தால் சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர் இதை எப்படிப் பொறுத்துக் கொள்கிறார் என்று தெரியவில்லை.

அதே லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவர் பெயரும் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகு சாதனப் பொருள் விதிகள் இவற்றைக் கேட்கின்றன. இந்த இடத்தில் எங்கள் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் எங்கள் கடைக்குச் சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்களில் ஒரு முகக் கிரீம் கொண்டு வந்தார். மூடியில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. யார் தயாரித்தது என்று ஒரு வரி இல்லை. பில்லும் இல்லை. டப்பா 35 ரூபாய், 120-க்குப் போகும் என்றார். 20 டஜன் இறக்கினோம். ஒரே மாதத்தில் தீர்ந்தது. பூசிய ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது என்று சில்லறைக் கடைக்காரர்களே போன் போட்டு மறுபடியும் கேட்டார்கள். இவ்வளவு வேகமாக வேலை செய்கிற சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. லாபம் அந்தக் கேள்வியைக் கேட்க விடவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு மாலையில், பல ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் தன் தங்கை மகளை அழைத்துக் கொண்டு வந்தார். கல்யாணம் நிச்சயமான பெண். முகம் முழுதும் தீப்பட்ட மாதிரிச் சிவந்து, தோல் மெலிந்து, கன்னத்தில் பொடிப் பொடியாகப் பருவும் மெல்லிய ரோமமும். கிரீமை நிறுத்தினால் எரிகிறது, பூசினால் அடங்குகிறது, மறுபடி எரிகிறது. அடுப்புப் பக்கம் போக முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். தோல் டாக்டர் பார்த்த உடனே, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்த நண்பர் எங்களைத் திட்டவில்லை. பாதி தீர்ந்த டப்பாவைக் கல்லா மேசைமேல் வைத்து, "உங்க கடைச் சரக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே எடுத்தவர்கள் எல்லாருக்கும் போன் செய்தோம். முழுப் பணமும் தருகிறோம், இருப்பதைத் திருப்பி அனுப்புங்கள் என்றோம். ஏழு டஜன் திரும்பி வந்தது. மீதிப் பதின்மூன்று டஜன் எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தரகர் அதன்பின் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போய், பிறகு நல்லபடியாக நடந்தது. அழைப்பிதழ் வந்தது. போய்வந்தோம். பந்தியில் உட்கார்ந்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை ஸ்டீராய்டு மருந்துகள். தோல் நோய்க்கு டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை பூச வேண்டியவை. சில நாளில் முகம் வெளுத்தாற்போல் காட்டும், பிறகு மேலே சொன்ன கோலத்தில் கொண்டு போய்விடும். இத்தகைய ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் 14-ஐ மத்திய அரசு 2018-இல் அட்டவணை ஹெச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையிலேயே விற்கக் கூடாது என்று ஆகிவிட்ட பிறகு, மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடையில் அந்த டியூப்களைச் சோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பது எப்படி? சில ஊர்களில் இன்னும் பார்க்கிறோம். ஹைட்ரோகுவினோன் கலந்த டியூப்களும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பாதரசம் இன்னொரு ஆபத்து. கண்ணுக்குப் பூசுவது தவிர்த்த மற்ற அழகுப் பொருள்களில், தற்செயலாகச் சேர்ந்ததாக இருந்தாலும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சில நோயாளிகளைத் துருவிக் கேட்ட மருத்துவர்கள், அவர்கள் பூசி வந்த வெளுப்புக் கிரீம்களில் போய் நின்றார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது. லேபிள் இல்லாத, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத டப்பாக்கள் அந்தச் செய்திகளில் அடிபட்டன. எங்கள் 20 டஜனில் என்ன இருந்ததோ, யார் கண்டார்கள்.

"நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்" என்ற பேச்சு சங்கக் கூட்டத்திலேயே வந்தது. வரட்டும். கலப்பட மிளகாய்த்தூளுக்கும் இதே வாதம் சொல்லலாம், அதற்காக நாம் விற்கிறோமா? பெரிய மால்காரர்களும், பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டு வந்து தருகிறவர்களும் விலையில் நம்மை அடித்துவிடுகிறார்கள். அவர்களால் முடியாதது ஒன்று உண்டு. வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, "உனக்கு இது ஒத்துக்காதும்மா, இதை எடுத்துக்கோ" என்று சொல்ல அவர்களால் முடியாது. நம்மிடம் மிச்சமிருக்கும் மூலதனம் அதுதான். 85 ரூபாய் லாபத்துக்கு அதை ஒருமுறை அடகு வைத்தோம் என்பதால் சொல்கிறோம்.

பாக்கெட் சரக்கு இந்த விஷயத்தில் நமக்கு நல்ல துணை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டு போகலாம் என்று வழி காட்டிய கடலூர் சின்னி கிருஷ்ணன் நம் மண்ணின் மனிதர். முகக் கிரீமும் லோஷனும் இன்று அதே வழியில் வருகின்றன. பெரிய பாட்டில் கேட்பவரிடமும் முதலில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து, முழங்கை மடிப்பின் உள்பக்கம் கொஞ்சம் பூசி, நாலைந்து நாள் பார்க்கச் சொல்லலாம். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். பாட்டில் விற்பனை ஒரு வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். பாதி பூசிய பாட்டிலை எடுத்துக் கொண்டு சண்டைக்கு வருவது இதனால் மிச்சம்.

அந்தப் பாக்கெட் சரங்களைக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிடுகிற பழக்கத்தை மட்டும் தயவு செய்து விட்டுவிட வேண்டும். லோஷன் என்பது தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் கட்டி வைத்த சரக்கு. அக்கினி நட்சத்திரத்து வெயிலில் மூன்று நாள் தொங்கினால் கட்டு அவிழ்ந்து, தண்ணீர் தனி, பிசுக்கு தனி என்று ஆகிவிடும். வாடை மாறியதையும் நிறம் மாறியதையும் தேதி இருந்தாலும் விற்கக் கூடாது. தேதி முடிகிற சரக்கை ஸ்கீம் என்ற பெயரில் நம் தலையில் கட்டிவிட்டு, திருப்பி எடுக்கச் சொன்னால் மழுப்புகிற நிறுவனங்கள் உண்டு. இதைத் தனித்தனியே பேசிப் பயனில்லை. சங்கத்தின் மூலம் ஒரே குரலில் கேட்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெடித்து நீர் கசிகிற தோல், திட்டுத் திட்டான நிறமாற்றம், நல்ல லோஷன் போட்டும் ஒரு மாதமாக அடங்காத அரிப்பு ஆகியவை நம் அலமாரியில் மருந்து உள்ளவை அல்ல. சர்க்கரை நோயிலும் தைராய்டு குறைபாட்டிலும்கூடத் தோல் வறள்வது உண்டு. "டாக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லி, எதையும் விற்காமல் அனுப்பிவிட வேண்டும். லோஷன் பூசினால் வெயில் தாக்காது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எஸ்.பி.எப். என்ற எண் போடாத லோஷனுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் கடையில் இப்போது லோஷன் பாக்கெட்டுகளை நிறுவனவாரியாக அடுக்குவதை நிறுத்திவிட்டோம். மூன்று பிஸ்கட் அட்டைப் பெட்டிகளில், "எண்ணெய் முகம்", "காய்ந்த முகம்", "எரிச்சல் முகம்" என்று மையால் எழுதி வைத்திருக்கிறோம். முதலில் விற்பனைப் பிரதிநிதிகள் சிரித்தார்கள். தங்கள் நிறுவனப் போர்டு மறைகிறது என்று ஒருவர் கோபித்துக் கொண்டார். சில்லறை எடுக்க வருகிற கடைக்காரர்கள் படம் எடுத்துக் கொண்டு போனார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் போன வாரம் சீட்டில் பிராண்டு எதுவும் எழுதாமல், "எண்ணெய் முகம் 4 சரம், காய்ந்த முகம் 6 சரம்" என்றே எழுதி அனுப்பியிருந்தார். கடைசி வரியில் "வாசனை இல்லாதது இருந்தால் 2 சரம்" என்றும் இருந்தது.

முதல் இரண்டையும் அன்றே கட்டி அனுப்பினோம். மூன்றாவது பெட்டிதான் பெரும்பாலான நாள் காலியாகக் கிடக்கிறது. வாசனை சேர்க்காத லோஷன் எங்கள் கைக்குப் பெரிய பாட்டிலில்தான் வருகிறது, கூலி வேலைக்குப் போகிற பெண் எடுக்கிற விலையில் சின்னப் பாக்கெட்டாக வருவதில்லை. வருகிற பிரதிநிதிகள் எல்லாரிடமும் கேட்டு வைத்திருக்கிறோம். ஒருவர் மட்டும் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று குறித்துக் கொண்டு போயிருக்கிறார்.